போர்டு ரூமில் ஒரு நாற்காலி

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "மேடம், நீங்க கம்பெனி செகரட்டரியா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அது சம்பந்தமா ஏதாவது எழுதிக் கொடுங்களேன். ஆனா செக்ஷன், சப்-செக்ஷன்னு எங்களைப் பயமுறுத்திடாதீங்க" என்றார் ஆசிரியர் குழுத் தம்பி. சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனாலும் ஒரே ஒரு செக்ஷனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 149-ஆவது பிரிவு. பங்குச் சந்தையில் பதிவான ஒவ்வொரு கம்பெனியின் டைரக்டர் போர்டிலும் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு அது.

சட்டப் புத்தகத்தில் ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எழுபது, எண்பது வருஷக் கதை இருக்கிறது. நம் கல்லூரியில் பி.காம். படிக்கிற பிள்ளைகள் அந்தப் பிரிவைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள். கதையை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. முதலில், நான் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தோடு தொடங்குகிறேன்.

2015 மார்ச் மாதம்

ஊரும் பேரும் வேண்டாம். நடுத்தரமான ஒரு கம்பெனி. நான் அங்கே செகரட்டரி. போர்டு மீட்டிங் என்றால் எப்படி இருக்கும் என்று இன்றைய மாணவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீளமான ஒரு மேஜை. ஒவ்வொருவர் முன்னாலும் அஜெண்டா பேப்பர், முந்திரிப் பருப்புத் தட்டு, ஃபில்டர் காபி. சுற்றிலும் ஒன்பது டைரக்டர்கள். ஓரத்தில் பத்தாவது ஆளாக நான். நான் டைரக்டர் இல்லை, மினிட்ஸ் எழுதுகிறவள். பல வருஷங்கள் அந்த அறையில் இருந்த ஒரே பெண் நான்தான். காபி கொண்டு வருகிறவர்கூட ஆண்தான்.

"ஏம்மா, அந்த லேடி டைரக்டர் விஷயம் என்னாச்சு?" என்றார் சேர்மன்.

"31-ஆம் தேதிக்குள்ள போட்டாகணும் சார். இல்லேன்னா ஃபைன்."

"உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இருக்காங்களா?"

"விசாரிச்சுச் சொல்றேன் சார்" என்றேன்.

அந்த நிமிஷம் என் மனதில் ஒரு முகம் வந்தது. சொல்லவில்லை. அது யார், நான் ஏன் சொல்லவில்லை என்பதைக் கட்டுரையின் கடைசியில் ஒப்புக்கொள்கிறேன்.

சேர்மன் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "வீட்லயே கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க" என்றார். சம்மதக் கடிதமும் படிவங்களும் தயார் செய்தேன். போர்டு கூடியது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மினிட்ஸ் புத்தகத்தில் அப்படித்தான் எழுதினேன்.

அந்த அம்மாள் மரியாதைக்குரியவர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. முதல் மீட்டிங் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த பேலன்ஸ் ஷீட்டை எப்படிம்மா படிக்கிறது? சொல்லிக் குடுங்க" என்று கேட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற நேர்மையை அந்த மேஜையில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த வருஷம் நாடு முழுக்க இந்தக் கதை நடந்தது. பல கம்பெனிகளில் முதலாளியின் மனைவி, மகள், சகோதரி, மருமகள் என்று குடும்பத்துக்குள்ளேயே ஆள் தேடினார்கள். பத்திரிகைகள் அதை எழுதின. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் ஒரு கேள்வி உறுத்த ஆரம்பித்தது. ஏன் வீட்டில் போய்த் தேட வேண்டியிருந்தது? நூற்றுக்கணக்கான பேர் வேலை பார்த்த கம்பெனிக்குள்ளே, மேலே வரத் தகுந்த ஒரு பெண் ஏன் கண்ணில் படவில்லை?

நார்வே காட்டிய வழி

போர்டில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்ற யோசனை நம் ஊரில் பிறந்ததல்ல. 40 சதவீதம் என்று அளவு சொல்லிச் சட்டம் போட்ட முதல் நாடு நார்வே. 2002-ல் அங்கே வர்த்தகத் துறை அமைச்சராக இருந்தவர் ஆன்ஸ்கர் காப்ரியெல்சன். அவர் ஒன்றும் புரட்சிக்காரர் அல்ல. பழமைவாதக் கட்சிக்காரர், ஆண். திடீரென்று ஒரு நாள் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, கம்பெனி போர்டுகளில் பெண்களைக் கொண்டுவரச் சட்டம் போடப்போவதாக அறிவித்துவிட்டார். அப்போது அந்த நாட்டின் பெரிய கம்பெனி போர்டுகளில் பெண்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான் இருந்தார்கள்.

2003 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. முதலில் கம்பெனிகள் தாமாகவே மாறட்டும் என்று அவகாசம் தந்தார்கள். மாறவில்லை. 2006-ல் கட்டாயம் ஆக்கினார்கள். 2008 ஜனவரிக்குள் 40 சதவீதம் இல்லையென்றால் கம்பெனியையே கலைத்துவிடலாம் என்பது தண்டனை. அபராதம் கட்டிவிட்டுத் தப்பிக்க வழியில்லை. கணக்கு நிறைவேறியது.

"தகுதியான பெண்கள் எங்கே இருக்கிறார்கள்?" என்று அங்கேயும் கேட்டார்கள். பிற்பாடு பொருளாதார அறிஞர்கள் நால்வர் விரிவாக ஆராய்ந்து பார்த்தார்கள். சட்டத்துக்குப் பின் போர்டுக்கு வந்த பெண்கள், சட்டத்துக்கு முன் இருந்த பெண்களைவிடத் தகுதியில் மேலானவர்களாகவே இருந்தார்கள். ஆள் இல்லை என்ற புகார் பொய்யாயிற்று. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: போர்டுக்குக் கீழே, அந்தக் கம்பெனிகளில் வேலை பார்த்த மற்றப் பெண்களின் சம்பளத்திலோ பதவியிலோ சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை.

இந்த இரண்டாவது முடிவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் நாற்காலி போட்டார்கள். படிக்கட்டு அப்படியே இருந்தது.

பிரான்ஸ் 2011-ல் இதே வழியில் போனது. பிரிட்டன் சட்டம் வேண்டாம் என்று சொல்லி, மிகப் பெரிய 100 கம்பெனிகளுக்கு 2015-க்குள் 25 சதவீதம் என்று ஓர் இலக்கை மட்டும் வைத்து, ஒவ்வொரு வருஷமும் கணக்கை ஊரறிய வெளியிட்டது. இலக்கை எட்டியது. 2013-ல் நம் பார்லிமெண்ட் எடுத்துக்கொண்டது இவற்றுக்கெல்லாம் எளிய வழி. சதவீதம் எதுவும் இல்லை. ஒரு பெண். பங்குச் சந்தையில் பதிவான கம்பெனிகளுக்கும், 100 கோடி ரூபாய் மூலதனமோ 300 கோடி ரூபாய் விற்றுமுதலோ உள்ள மற்றப் பப்ளிக் கம்பெனிகளுக்கும் இது கட்டாயம்.

அடைபட்ட படிகள்

இனி நம் நாட்டுப் படிக்கட்டுக்கு வருவோம். ஒரு கம்பெனியின் டைரக்டர் ஆவதற்கு ஒருவர் எத்தனை படி ஏற வேண்டும்? படிக்க வேண்டும். வேலைக்கு எடுக்க வேண்டும். வேலையில் நிலைக்க வேண்டும். எல்லாவித அனுபவமும் பெற வேண்டும். இந்த நான்கு படிகளிலும் பெண்ணுக்கு ஒரு பூட்டு இருந்தது. ஒவ்வொரு பூட்டையும் யாரோ ஒருத்தி திறந்திருக்கிறாள்.

முதல் படி, படிப்பு. நம் சென்னையிலேயே நடந்தது இது. ஏ. லலிதா என்ற பெண்ணுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கணவர் இறந்துவிட்டார். கையில் நான்கு மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணின் வாழ்க்கை என்னவாக இருக்கும் என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் தெரியும். அவருடைய தந்தை கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் மின்துறைப் பேராசிரியர். 1940-ல் மகளை அங்கேயே சேர்த்தார். அவரைத் தொடர்ந்து லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இரண்டு பெண்கள் சிவில் படிக்க வந்தார்கள். 1943-ல் லலிதா பட்டம் பெற்றார். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுக் கையால் பெண்பாலாக மாற்றிக் கொடுத்தார்களாம்! லலிதா பிறகு பக்ரா நங்கல் அணையின் மின் வேலைகளில் பங்கேற்றார். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். படிப்புக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருஷம். இந்த முப்பது வருஷக் கணக்கு முக்கியம். மறுபடியும் வருவேன்.

இரண்டாம் படி, வேலைக்கு எடுப்பது. 1974-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஒரு மாணவி நோட்டீஸ் போர்டில் விளம்பரம் ஒன்றைப் பார்த்தார். டெல்கோ கம்பெனிக்கு என்ஜினீயர்கள் தேவை. பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று கீழே ஒரு வரி. கோபம் வந்து, ஜே.ஆர்.டி. டாடாவுக்கே ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போட்டார். பூனாவில் இண்டர்வியூவுக்கு வரச்சொல்லித் தந்தி வந்தது. வேலையும் கிடைத்தது. அந்த மாணவிதான் சுதா மூர்த்தி. இந்தக் கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம், கைதட்டியிருக்கிறோம். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த மாதிரி வரியை எத்தனையோ கம்பெனிகள் விளம்பரத்தில் போடாமலே கடைப்பிடித்தன. அவற்றுக்கு யார் போஸ்ட் கார்டு போடுவது?

மூன்றாம் படி, வேலையில் நிலைப்பது. இங்கே பூட்டின் பெயர் கல்யாணம். 1951-ல் ஐ.ஏ.எஸ். தேர்வில் வென்று சென்னை மாகாணத்துக்கு வந்தவர் அன்னா ராஜம். ஓசூரில் சப் கலெக்டராக இருந்தவர். கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்ற நிபந்தனை அவருடைய நியமன உத்தரவிலேயே இருந்தது. அந்த விதி பிறகு மாறியது. அன்னா ராஜம் மல்ஹோத்ரா ஆனவர், பிற்காலத்தில் பம்பாய் பக்கத்தில் நவசேவா துறைமுகம் எழும்பியபோது அதற்குத் தலைமை வகித்தார்.

தனியார் கம்பெனிகளிலும் இதே விதி இருந்தது. மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனியில், பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பெண் கல்யாணம் செய்துகொண்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. 1965-ல் சுப்ரீம் கோர்ட் அந்த விதியை ரத்து செய்தது. வெளியுறவுத் துறையில் சி.பி. முத்தம்மா. சென்னையில் விமன்ஸ் கிறிஸ்டியன் கல்லூரியில் படித்தவர். இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். கல்யாணத்துக்கு அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும் என்பது பெண்களுக்கு மட்டும் இருந்த விதி. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. ஆனாலும் 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்துத்தான் தீர்ப்பு எழுதினார். 1981-ல் ஏர் இந்தியா வழக்கில், முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணின் வேலை முடிந்துவிடும் என்ற விதி விழுந்தது.

நாங்கள் பி.காம். படித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் வகுப்பில் 54 பேர், அதில் பெண்கள் 9. இந்தத் தீர்ப்புகள் வந்தது எங்களுக்கு அப்போது தெரியவே தெரியாது.

இரவு ஏழு மணிக்கு மேல்

நான்காம் படியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கம்பெனி போர்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சம்பந்தம் இருக்கிறது.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரைதான் பெண்களைத் தொழிற்சாலையில் வேலை வாங்கலாம் என்றது. (இதோ, சொன்ன வாக்கை மீறி இரண்டாவது செக்ஷன் வந்துவிட்டது!) கெட்ட எண்ணத்தில் போட்ட விதி அல்ல. 1919-ல் வாஷிங்டனில் நடந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டிலேயே பெண்களின் இரவு வேலையைத் தடுக்கும் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. பெண் தொழிலாளிகளை விடிய விடியப் பிழிந்தெடுத்த ஆலைகளைக் கட்டுப்படுத்தத்தான் அது வந்தது. பாதுகாப்புக்காகப் போட்ட வேலி.

ஆனால் வேலி இரண்டு பக்கமும் தடுக்கும் இல்லையா? மூன்று ஷிஃப்ட் ஓடுகிற ஆலையில் இளம் என்ஜினீயர் முதலில் ஷிஃப்ட் பார்க்க வேண்டும். நடு ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் நின்றால் அதை ஓட வைக்க வேண்டும். அப்படிப் பத்து வருஷம் பார்த்தவர் ப்ரொடக்ஷன் மேனேஜர் ஆவார். பிறகு ஒர்க்ஸ் மேனேஜர், ஜெனரல் மேனேஜர், கடைசியில் டெக்னிக்கல் டைரக்டர். முதல் படியிலேயே இரவு ஷிஃப்டுக்குத் தடை என்றால், கம்பெனிக்காரர் என்ன நினைப்பார்? "இந்தப் பொண்ணை எடுத்து என்ன பண்றது? நைட் ஷிஃப்ட் போட முடியாதே." எடுத்தாலும் டிசைன் பிரிவிலோ, தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்திலோ உட்கார வைப்பார்கள். அங்கிருந்து போர்டுக்கு வழி கிடையாது.

இந்தப் பூட்டு நம் சென்னை ஐகோர்ட்டில்தான் திறந்தது. 2000 டிசம்பரில், அந்தத் தடை அரசியல் சட்டம் தரும் சம உரிமைக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. அதே நேரத்தில் போக்குவரத்து, பாதுகாப்பு, ஓய்வறை எல்லாம் தர வேண்டும் என்று கோர்ட் நிபந்தனைகளும் விதித்தது. சரியான தீர்ப்பு என்பது என் எண்ணம். வேலியை எடுத்துவிட்டு, விளக்கும் போட்டார்கள். 2020-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும், பெண்ணின் சம்மதத்தோடும் பாதுகாப்போடும் இரவு வேலை என்று இதே பாதையில்தான் போகிறது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2015-ல் ஒரு கம்பெனிக்குள்ளிருந்தே ஒரு பெண் டைரக்டர் வர வேண்டுமென்றால், 1980 வாக்கில் ஓர் இருபத்திரண்டு வயதுப் பெண்ணை ஆலைக்குள் சேர்த்திருக்க வேண்டும். அந்த 1980-ல் சட்டமே அவளை ஏழு மணிக்கு வீட்டுக்கு அனுப்பியது. பிறகு 2015-ல் இன்னொரு சட்டம் வந்து, "எங்கே உங்கள் பெண் டைரக்டர்?" என்று கேட்டது. சேர்மன் வீட்டைத்தான் தேடுவார். வேறு எங்கே தேடுவார்?

வங்கிகள் சொன்ன பதில்

"அப்படியானால் பெண்களால் மேலே வரவே முடியாதா?" என்று கேட்டால், அதற்குப் பதில் வங்கிகளில் இருக்கிறது.

1969-ல் 14 வங்கிகள் தேசியமாயின. கிளைகள் பெருகின, ஆள் தேவைப்பட்டது. பரீட்சை எழுதி, மார்க் வாங்கினால் வேலை. யார் மகள், யார் மருமகள் என்ற கேள்வி இல்லை. பதவி உயர்வுக்கும் எழுதி வைத்த விதிமுறை இருந்தது. வேலையும் பகலில். பெரிய ஆபீசர் ஆகலாம் என்ற நினைப்பில் அல்ல, நிலையான சம்பளத்துக்காகத்தான் பல பெண்கள் அந்தப் பரீட்சையை எழுதினார்கள்.

விளைச்சல் முப்பது வருஷம் கழித்து வந்தது. 1960-களில் பேங்க் ஆஃப் இந்தியாவில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்த ரஞ்சனா குமார், 2000-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியின் தலைவரானார். பொதுத்துறை வங்கி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். அது அலங்கார நாற்காலி அல்ல. வங்கி பெரும் நஷ்டத்தில் மூழ்கிக் கிடந்த நேரம்; மூடிவிடலாம், வேறு வங்கியோடு இணைத்துவிடலாம் என்றெல்லாம் பேச்சு இருந்தது. 2001-02-ல் வங்கி லாபத்துக்குத் திரும்பியது. ராஜாஜி சாலையில் வேலை பார்த்த நம் பழைய மாணவர்கள் சிலர் அந்த வருஷங்களைப் பற்றி இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள். 1977-ல் ஸ்டேட் பாங்கில் சேர்ந்த அருந்ததி பட்டாச்சார்யா 2013 அக்டோபரில் அதன் முதல் பெண் தலைவர் ஆனார். சேர்ந்ததிலிருந்து 36 வருஷம். அதற்கும் முன்பே, 1993-ல், எக்ஸிம் வங்கிக்குத் தர்ஜனி வகீல் தலைவராகிவிட்டார். இவர்களில் யாரையும் 149-ஆவது பிரிவு கொண்டுவரவில்லை. படிக்கட்டு திறந்திருந்தது, ஏறி வந்தார்கள்.

ஆனால் வங்கியிலும் ஒரு பூட்டு இருந்தது. அதன் பெயர் டிரான்ஸ்ஃபர். பதவி உயர்வு கிடைத்தால் வேறு மாநிலம். பெண்ணுக்குப் பள்ளிக்கூடம், மாமியாருக்கு உடம்பு, கணவருக்கு உள்ளூர் வேலை. ஒவ்வொரு கிளையிலும் "எனக்குப் ப்ரமோஷன் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்த அக்காமார்கள் இருந்தார்கள். அவர்களைத் திறமை இல்லாதவர்கள் என்றுகூட யாரும் சொல்லவில்லை. "பாவம், குடும்பம்" என்றார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது. குழந்தை வளர்க்கவோ பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளவோ பெண் ஊழியர்கள் இரண்டு வருஷம் வரை விடுப்பில் போய்த் திரும்பி வரலாம் என்ற ஏற்பாடு ஸ்டேட் பாங்கில் வந்தது, ஒரு பெண் தலைவரின் காலத்தில்தான் என்பதைக் கவனியுங்கள். மேலே ஒருத்தி இருந்தால் கீழே என்ன மாறும் என்பதற்கு இது ஓர் உதாரணம். நார்வேயில் தானாக நடக்காதது, முயன்றால் நடக்கும்.

சட்டத்துக்குப் பிறகு

2015 மார்ச் 31 கடந்தும் பெண் டைரக்டரைப் போடாத கம்பெனிகள் ஏராளம். செபி அபராதப் பட்டியல் போட்டது. ஜூன் 30-க்குள் போட்டால் 50,000 ரூபாய். அதற்கு மேல் தாமதித்தால் அதோடு தினம் 1,000 ரூபாய். அக்டோபர் தொடங்கியும் போடவில்லையென்றால் 1,42,000 ரூபாயும் தினம் 5,000 ரூபாயும். நார்வேயில் கம்பெனியைக் கலைப்பேன் என்றார்கள். இங்கே ஃபைன் கட்டச் சொன்னார்கள். வித்தியாசம் புரிகிறதல்லவா?

வீட்டுக்குள்ளேயே ஆள் தேடும் வழக்கத்துக்கும் ஒரு மருந்து வந்தது. உதய் கோடக் தலைமையிலான குழு 2017-ல் சொன்ன யோசனையை ஏற்று, குடும்பத்தைச் சேராத, சுதந்திரமான பெண் டைரக்டர் ஒருவர் வேண்டும் என்று செபி விதித்தது. முதல் 500 கம்பெனிகளுக்கு 2019 ஏப்ரல் முதல், முதல் 1,000 கம்பெனிகளுக்கு 2020 ஏப்ரல் முதல்.

பலன் என்ன? சட்டம் வந்த சமயத்தில் நம் பெரிய கம்பெனி போர்டுகளில் பெண்கள் சுமார் 6 சதவீதம். 2022-ல் சுமார் 18 சதவீதம். மூன்று மடங்கு. பத்து வருஷத்துக்குள் இவ்வளவு மாற்றம் சட்டம் இல்லாமல் வந்திருக்காது. இதை மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மேனேஜிங் டைரக்டர், தலைமை நிர்வாகி என்று உண்மையில் கம்பெனியை ஓட்டுகிற நாற்காலிகளில் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். சட்டம் கேட்டது போர்டில் ஒரு நாற்காலி. அது கிடைத்தது. கேட்காதது கிடைக்கவில்லை.

குடும்பத்துப் பெண் என்றாலே பொம்மை என்று நினைத்துவிடவும் கூடாது. புகுந்த வீட்டுக் கம்பெனியான சிந்தியா கப்பல் நிறுவனத்தை நடத்திய சுமதி மொரார்ஜி, கப்பல் முதலாளிகள் சங்கத்துக்கே 1956-ல் தலைவரானார். நம் சென்னையில் மல்லிகா சீனிவாசன் 1986-ல் குடும்ப நிறுவனமான டாஃபேயில் சேர்ந்து, டிராக்டர் தொழிலில் உலக அளவில் முன்வரிசைக்கு அதைக் கொண்டுவந்தவர். 2021-ல் பொதுத்துறை நிறுவனங்களின் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்துக்கே அவரைத் தலைவராக்கினார்கள். இவர்களுக்குக் குடும்பம் படிக்கட்டாக இருந்தது. படிக்கட்டு கிடைத்தால் ஏறத் தெரியும் என்று காட்டினார்கள். குடும்பம் இல்லாதவர்களுக்கும் ஒரு படிக்கட்டு வேண்டும், அவ்வளவுதான் என் வாதம்.

பெண்கள் வந்தால் கம்பெனிக்கு லாபம் கூடுமா என்று சில பேர் கேட்பார்கள். ஆராய்ச்சிகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. எனக்கு அந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. ஆண்களைப் போர்டில் போடும்போது யாராவது அப்படிக் கேட்டார்களா?

ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம்

இப்போது அந்த முகம். அவள் நம் கல்லூரிதான், என் வகுப்புத் தோழி. பெயரைச் சொன்னால் அடிக்க வருவாள். படித்து முடித்ததும் வங்கிப் பரீட்சை எழுதிச் சேர்ந்தவள். கடன் பிரிவில் கெட்டிக்காரி. ஒரு பேலன்ஸ் ஷீட்டைக் கொடுத்தால், எந்த எண்ணுக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் சொல்வாள். இரண்டு தடவை பதவி உயர்வு வந்தது. இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். 2001-ல் வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது மேனேஜராகவே வெளியே வந்துவிட்டாள்.

2015-ல் சேர்மன் கேட்டபோது அவளைத்தான் நினைத்தேன். அந்த ஒன்பது பேரில் பாதிப் பேரைவிட அவளுக்குக் கணக்குத் தெரியும். ஆனால், "வெறும் மேனேஜரா ரிட்டயர் ஆனவங்களா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று தயங்கினேன். யாரும் கேட்கவில்லை. நானே கேட்டு, நானே பதில் சொல்லி, நானே அவள் பெயரை அடித்துவிட்டேன். டிரான்ஸ்ஃபர் ஒரு தடவை அவளைத் தடுத்தது. அதே காரணத்தைக் காட்டி இரண்டாவது தடவை தடுத்தது நான். சட்டத்தையும் சேர்மனையும் குறை சொல்வது சுலபம். பூட்டுச் சாவி சில சமயம் நம் கைப்பையிலேயே இருக்கிறது.

சென்ற சந்திப்பு விழாவில் சாப்பாட்டுப் பந்தியில் இதை அவளிடம் சொன்னேன். சாம்பாரை ஊற்றிக்கொண்டே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கேட்டிருந்தா வந்திருப்பேன்டி" என்றாள். அதற்கப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று பெரிய பதவிகளில் இருக்கும் நம் பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்தில் "எனக்குப் ப்ரமோஷன் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஏன் வேண்டாம் என்றார்கள் என்று ஒரு தடவை கூப்பிட்டுக் கேளுங்கள். ஊர் மாற்றாமலே உயர்வு தர வழி இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருஷம் கழித்து டைரக்டர் தேடும்போது வீட்டுக்குப் போன் போட வேண்டியிருக்காது. தகுதியுள்ள பழைய மாணவிகளுக்கு இன்னொரு செய்தி. சுதந்திர டைரக்டர்களாக வர விரும்புகிறவர்களுக்கு மத்திய அரசு 2019 டிசம்பரில் ஒரு பெயர்ப் பதிவேடு தொடங்கியிருக்கிறது. அதில் பதிவு செய்து, ஒரு பரீட்சையும் எழுத வேண்டும். நமக்குப் பரீட்சை புதிதா என்ன?

இப்போது படிக்கிற தங்கைகளுக்கு ஒன்றே ஒன்று. உங்களில் ஒருத்தி 2055-ல் ஒரு பெரிய கம்பெனியின் சேர்மனாக வர வேண்டுமென்றால், அதற்கான முதல் படி நீங்கள் எடுக்கப்போகிற முதல் வேலையில் இருக்கிறது. கஷ்டமான வேலையை, தூரமான கிளையை, இரவு ஷிஃப்டைத் தந்தால், "யோசிச்சுச் சொல்றேன்" என்றாவது சொல்லுங்கள். உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தம்பிகளுக்கும் ஒன்று. உங்கள் வருங்கால மனைவிக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால், ஒரு தடவையாவது நீங்கள் பெட்டியைக் கட்டுங்கள்.

என் தோழியைப் போன மாதம் விடாப்பிடியாக அந்தப் பதிவேட்டில் சேர்த்துவிட்டேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். "கம்பெனி லா நம்ம சார் நடத்தினது அப்படியே ஞாபகம் இருக்குடி" என்று ஒரே பெருமை. "அடியே, அவர் நடத்தினது 1956 சட்டம். இது 2013 சட்டம், முதல்லேருந்து படி" என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த சந்திப்பு விழாவில் ரிசல்ட்டைச் சொல்கிறேன்.

- பி.காம். (1979–82) பழைய மாணவி